கேசட் கடையை மூட வைத்தது டவுன்லோடா, கம்பெனியா?

ரீவைண்ட் (இழையைத் தொடங்கியவர்) · சனி, இரவு 10:40

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து என் மகன் கைப்பேசியில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு பாட்டைக்கூட முழுதாக ஓட விடவில்லை, பல்லவி முடிவதற்குள் அடுத்ததற்குத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தான். அப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இப்படி ஓசியில் இறக்கி இறக்கித்தான்டா நம்ம கடைக்குப் பூட்டு போட்டீங்க" என்றார்.

அந்தப் "போட்டீங்க"வில் நானும் இருந்தேன்.

அப்பா 1986இல் திண்டுக்கல்லில் கேசட் கடை வைத்தார். பத்துக்கு எட்டு இடம். மூன்று பக்கமும் கண்ணாடி அலமாரி, வாசலில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். தீபாவளிப் படங்களின் கேசட் வரும் நாளில் காலை ஆறு மணிக்கே ஷட்டரைத் தூக்குவார். 2005இல் மூடினார். 2001 முதல் அதே 2005 வரை நான் கோவையில் பொறியியல் படித்தேன். விடுதியின் கணினி அறையில் இரவு பதினொன்றுக்கு மேல் நெட் வேகம் கூடும். வரிசையில் நின்று பாட்டு இறக்குவோம். இறக்கியதை சிடியில் எழுதி அறை அறையாகக் கொடுத்தவன் நான்தான். கடைசி வருடம் என் ஹார்டு டிஸ்க்கில் இருந்த பாட்டு அப்பா கடையில் இருந்ததைவிட அதிகம்.

அதனால்தான் கேட்கிறேன். இசைக் கம்பெனிகள் படுத்ததற்கு டவுன்லோடுதான் காரணமா? அமெரிக்காவில் நடந்ததையும் சேர்த்தே கேட்கிறேன், கதை அங்கேதான் தொடங்கியது என்கிறார்கள். மழுப்பாமல் சொல்லுங்கள்.

மண்டபத்து மைக் · சனி, இரவு 10:52

ஆமாம். டவுன்லோடுதான். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? ஓசியில் கிடைக்கிற மோரைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? அப்பா காலில் விழுந்துவிட்டு வாருங்கள்.

பேரேடு · சனி, இரவு 11:35

தொழில்முறைக் கணக்கன் நான், பாட்டுக்கும் எனக்கும் தூரம். ஆனால் இந்தக் கணக்கை ஒரு காலத்தில் ஆசைக்குத் தோண்டிப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் பதிவிசை விற்பனை உச்சம் தொட்டது 1999. அந்த ஆண்டு சுமார் 1,460 கோடி டாலர். ஒருவர் கணினியில் இருக்கும் பாட்டை இன்னொருவர் நெட் வழியாக ஓசியில் இறக்கிக்கொள்ள வைத்த நாப்ஸ்டர் வந்தது அதே 1999 ஜூனில். அங்கிருந்து சரிவு. 2014இல் 700 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கும் மேல் போய்விட்டது. தேதியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதென்றால் மைக் சொன்னதுதான் தீர்ப்பு, கையும் களவுமாகப் பிடிபட்ட கேஸ்.

நாப்ஸ்டர் மீது 1999 டிசம்பரிலேயே வழக்குப் போட்டார்கள். 2001 ஜூலையில் அதன் கதை முடிந்தது. விற்பனை திரும்பியதா? இல்லை. அதே வேலைக்குக் கசா வந்தது, லைம்வயர் வந்தது, அப்புறம் டோரண்ட். 2003 செப்டம்பரில் கம்பெனிகள் சங்கம் பாட்டு கேட்கிறவர்கள் மீதே பாய்ந்தது. முதல் தவணையில் 261 பேர். அதில் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை, 2,000 டாலர் கட்டிச் சமரசம் ஆனார்கள். ஐந்து வருடத்தில் சுமார் 35,000 பேர் வரை போய், 2008 கடைசியில் நிறுத்தினார்கள். மினசோட்டாவில் ஒரு பெண்ணுக்கு 24 பாட்டுக்காக 2007இல் விதித்த தொகை 2,22,000 டாலர். மறுவிசாரணையில் அது 19 லட்சத்து 20 ஆயிரமாக ஏறி, மேல்முறையீடெல்லாம் முடிந்து பழைய தொகைக்கே திரும்பியது. இவ்வளவு செய்தும் சரிவு நிற்கவில்லை.

சரி, வழக்குப் போட்டும் நிற்கவில்லை என்பதால் டவுன்லோடு காரணமில்லை என்று ஆகிவிடாது. இதை இங்கேயே நிறுத்துகிறேன், மற்றவர்கள் சொல்லட்டும்.

பனிக்கூரை · ஞாயிறு, காலை 7:10

நியூ ஜெர்சியிலிருந்து. 1998இல் மேற்படிப்புக்கு வந்தவன். என் பங்குக்கு ஒரு காசோலைக் கதை.

அப்போது மாலில் ஒரு சிடி 17, 18 டாலர். என் ஒரு வார மளிகை அதைவிடக் கொஞ்சம்தான் கூட. வானொலியில் ஒரு பாட்டு பிடித்திருக்கும். அந்த ஒரு பாட்டு மட்டும் வேண்டும் என்றால் கிடைக்காது. முந்தின தலைமுறைக்கு ஒற்றைப்பாட்டுத் தட்டு இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் கம்பெனிகள் அதைக் கிட்டத்தட்ட ஒழித்துக்கட்டியிருந்தன. ஒரு பாட்டுக்காகப் பன்னிரண்டு பாட்டையும் சுமந்துகொண்டு போ என்பதுதான் வியாபாரம். சாம்பார் கேட்டவனை முழுச் சாப்பாட்டு டோக்கன் வாங்கச் சொல்வது மாதிரி.

விலை ஏன் குறையவில்லை என்று அப்போது தெரியாது, பிறகுதான் தெரிந்தது. தொண்ணூறுகளின் நடுவில் மின்சாதனக் கடைகள் கூட்டம் சேர்ப்பதற்காக சிடியை அடக்க விலைக்கும் கீழே விற்றன. பாரம்பரிய இசைக் கடைகள் அலறின. உடனே ஐந்து பெரிய கம்பெனிகளும் ஒரு விதி வைத்தன: நாங்கள் சொல்லும் விலைக்குக் கீழே விளம்பரம் செய்தால் விளம்பரச் செலவுக்கு நாங்கள் தரும் பங்கு கிடையாது. அவ்வளவுதான், விலைப் போட்டி அடங்கியது. அரசின் வணிக ஆணையம் 2000 மே மாதம் இதைப் பிடித்தது. மூன்று வருடத்தில் மக்களிடம் 48 கோடி டாலர் வரை கூடுதலாகப் பிடுங்கியிருக்கலாம் என்பது ஆணையத்தின் மதிப்பீடு. மாநிலங்களும் வழக்குப் போட, 2002இல் சமரசம். 1995 முதல் 2000 வரை கடையில் சிடி வாங்கியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். நானும் போட்டேன். 2004இல் தபாலில் வந்தது 13 டாலர் 86 சென்ட். காசோலையை மாற்றாமல் வைத்திருக்க ஆசைதான், ஆனால் அந்த மாதம் வாடகைக்கே இழுபறி.

சமரசத்தின் இன்னொரு பகுதி நூலகங்களுக்கு இலவச சிடி. விற்காமல் தேங்கிய சரக்கையெல்லாம் தள்ளிவிட்டார்கள் என்று பல நூலகர்கள் புலம்பியது நாளிதழ்களில் வந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். நாப்ஸ்டரில் நாங்கள் முதலில் தேடியது ஓசிப் பாட்டை என்பதைவிட, ஒற்றைப் பாட்டை. 2003 ஏப்ரலில் ஆப்பிள் ஒரு பாட்டு 99 சென்ட் என்று இணையத்தில் கடை திறந்தது. முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டு விற்றது. ஓசியில் கிடைத்துக்கொண்டிருந்த அதே பாட்டுகள்தான்.

மண்டபத்து மைக் · ஞாயிறு, காலை 8:02

பத்து லட்சம் பாட்டு என்றால் பத்து லட்சம் டாலர். போன பணம் எவ்வளவு, வந்தது எவ்வளவு? நீங்களே என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள்.

பேரேடு · ஞாயிறு, காலை 9:20

மைக் இந்த முறை நல்ல இடத்தில் அடித்திருக்கிறார். பதினெட்டு டாலர் வந்த இடத்தில் ஒரு டாலர் வந்தால் கம்பெனி கணக்கில் ஓட்டைதான், அந்த ஒரு டாலர் சட்டப்படியே வந்திருந்தாலும். ஆக, விழுந்த பணத்தில் திருட்டால் போனது எவ்வளவு, மூட்டையைப் பிரித்து விற்றதால் போனது எவ்வளவு, எல்பி தட்டை வைத்திருந்தவர்கள் அதையே சிடியாக மறுபடி வாங்கி முடித்துவிட்டதால் போனது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த வருமானத்தில் பெரிய பங்கு இந்த மறுவாங்கலால் வந்தது. ஒரே வீட்டை இரண்டு முறை விற்ற காசு. மூன்றாம் முறை யாரும் வாங்கவில்லை.

பிரித்துப் பார்க்க முயன்றவர்களில் பேர்போனவர்கள் ஓபர்ஹோல்ட்சர்-கீ, ஸ்ட்ரம்ப் என்ற இரு பொருளாதாரப் பேராசிரியர்கள். 2002 கடைசியில் நடந்த டவுன்லோடு பதிவுகளை எடுத்தார்கள். அவர்கள் பிடித்த உத்தி அருமையானது: ஜெர்மனியில் பள்ளி விடுமுறை விட்டால் அங்கே பையன்கள் கணினியைத் திறந்து வைத்திருப்பார்கள், அமெரிக்காவில் இருப்பவனுக்கு இறக்க நிறையப் பாட்டு கிடைக்கும். அப்படி டவுன்லோடு ஏறிய வாரங்களில் அமெரிக்கக் கடைகளில் ஆல்பம் விற்பனை இறங்கியதா? இறங்கியதாகச் சொல்ல முடியாது என்பது முடிவு. 2007இல் அச்சானது.

டவுன்லோடு ஆதரவாளர்கள் இன்றும் இதையே தூக்கிக் காட்டுகிறார்கள். ஆனால் லீபோவிட்ஸ் என்ற இன்னொரு பொருளியலாளர் அந்தக் கணக்கை வரிவரியாகக் கிழித்தார். அப்புறம் வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பாதிப்பு உண்டு என்றுதான் சொல்கின்றன, எவ்வளவு என்பதில்தான் தகராறு. எனக்குப் பிடித்தது முதல் ஆய்வு, நம்புவது பின்னால் வந்தவற்றை.

வெள்ளவத்தை · ஞாயிறு, மதியம் 1:15

நான் யாழ்ப்பாணத்து ஆள், இப்போது கனடாவில் இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் விற்பனை இழப்பு என்று கதைக்கிறீர்கள். விற்பனையே இல்லாத ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

எண்பதுகளில் எங்கள் பக்கம் றெக்கோடிங் பார் என்று கடைகள் இருந்தன. கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து விரும்பிய பாட்டுகளின் பெயரை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் ஒலிநாடாவில் பதிந்து தருவார்கள். தொண்ணூறுக்குப் பிறகு பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, பற்றரியும் தடைப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோடரில் கொளுவுவோம். ஒருவர் மிதியைக் கையால் சுற்ற வேண்டும், மற்றவர்கள் கேட்பார்கள். சுற்றுகிறவர் களைத்துப்போனால் பாடகரின் குரல் இழுபட்டுத் தடித்துக்கொண்டு போகும். உடனே "சுத்தடா" என்று நாலு பேர் கத்துவார்கள். என் தமையன் சுற்றினால் மட்டும் சுருதி நிற்கும், அவருக்கு அதற்கென்றே தனி மரியாதை.

அந்த நாடாக்கள் எல்லாம் பிரதியின் பிரதியின் பிரதி. சென்னையில் இருந்த எந்தக் கம்பெனிக்கும் எங்களால் ஒரு சதம் போகவில்லை. நாங்கள் கொப்பி அடிக்காமல் விட்டிருந்தால் போயிருக்குமா? எந்த வழியால்? கடையும் இல்லை, பாதையும் இல்லை. ஒவ்வொரு பிரதியும் ஒரு விற்பனை இழப்பு என்று கம்பெனிக்காரர் கணக்குப் போடும்போது எங்கள் சைக்கிளையும் அதில் சேர்த்துத்தான் போடுகிறார்கள்.

கனடாவுக்கு வந்த பிறகு ஸ்காபரோ கடைகளில் இறுவெட்டு, அதுதான் சிடி, காசு கொடுத்து வாங்கினேன், ஒன்றல்ல, பெட்டி பெட்டியாக. அந்த ரசனையை வளர்த்தது கொப்பி அடித்த நாடாதான். இதையும் கணக்கில் போடுங்கோ.

நாலாவது வரிசை வயலின் · ஞாயிறு, மாலை 6:45

சென்னை ஸ்டூடியோக்களில் இருபத்தைந்து வருடம் வில் இழுத்தவன். கம்பெனி படுத்ததா எழுந்ததா என்பது எங்களுக்கு வானிலைச் செய்தி மாதிரி. எங்களுக்குக் கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்கள். கேசட் லட்சம் விற்றாலும் அதே காசு, ஒன்றுமே விற்காவிட்டாலும் அதே காசு.

எங்கள் வேலையைத் தின்றது டவுன்லோடு என்று நான் சொன்னால் பொய். கீபோர்டும் சாம்ப்ளரும் தின்றன. நாற்பது பேர் உட்கார்ந்து வாசித்த இடத்தில் ஒரே ஒருவர் இரண்டு விரலை வைத்தார், நாற்பது வயலின் கேட்டது. அப்போது கம்பெனிகளோ தயாரிப்பாளர்களோ தொழில்நுட்பம் எங்களைக் கொல்கிறது என்று ஒரு வார்த்தை பேசவில்லை, செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டார்கள். அதே தொழில்நுட்பம் அவர்கள் வாசலுக்கு வந்தபோதுதான் கலைஞன் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று எங்கள் பேரைச் சொல்லி அழுதார்கள். அதுதான் எனக்கு எரிச்சல்.

பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியை விட்டுக்கொடுக்க முடியாத உரிமையாக ஆக்கிய திருத்தம் 2012இல்தான் வந்தது. அதற்கு முன் மொத்தமாக எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவதே வழக்கம். யார் யார் வயிற்றில் அடித்தார்கள் என்பதற்கு நீண்ட பட்டியல் இருக்கிறது தம்பி.

டபுள் டெக் · ஞாயிறு, இரவு 8:30

எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள், அல்லது நாகரிகம் கருதிக் கேட்கவில்லை. ரீவைண்ட், உங்கள் அப்பா கடையில் ரெக்கார்டிங் உண்டா?

ரீவைண்ட் · ஞாயிறு, இரவு 9:05

உண்டு.

கவுண்டருக்குப் பின்னால் இரண்டு கேசட் டெக், ஒரு ஈக்வலைசர். டிடிகே வெற்றுக் கேசட், தொண்ணூறு நிமிடம், அறுபது நிமிடம் எல்லாம் அட்டைப்பெட்டியாக இறக்குவார். லிஸ்ட் கொண்டு வருவார்கள். சில லிஸ்ட் காதல் கடிதம்தான், பாட்டின் முதல் வரிகளைச் சேர்த்துப் படித்தால் விஷயம் புரிந்துவிடும். அப்பா படிப்பார், சிரிக்க மாட்டார். நாடா முடியும் இடத்தில் பாட்டு பாதியில் வெட்டுப்படக் கூடாது என்பது அவர் கொள்கை, நிமிடக் கணக்கைப் பென்சிலால் கூட்டிக் கூட்டி வரிசையை மாற்றுவார். உறையில் பாட்டுப் பட்டியலைச் சிவப்பு மையில் எழுதுவது என் வேலை. வாரத்துக்கு முப்பது உறையாவது எழுதியிருப்பேன்.

டபுள் டெக், நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று புரிகிறது. கம்பெனி கேசட் முப்பது நாற்பது ரூபாய், அதில் கடைக்குக் கிடைப்பது சொற்பம். ரெக்கார்டிங்கில்தான் நாலு காசு. அதைத் திருட்டு என்று அப்பாவிடம் யாரும் சொன்னதில்லை. நானும் இன்று வரை அப்படி நினைத்ததில்லை.

டபுள் டெக் · ஞாயிறு, இரவு 9:12

நானும் அதே தொழில்தான் பார்த்தேன், மதுரையில். பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்குமே. குற்றம் சொல்லவில்லை. கம்பெனி விற்கத் தயாராக இல்லாத ஒரு சரக்கை நாம் விற்றோம்: நமக்குப் பிடித்த பதினாறு பாட்டு, நம் வரிசையில். அதைத்தான் உங்கள் மகன் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆடியோ ரைட்ஸ் · ஞாயிறு, இரவு 11:50

பெயர் சொல்ல முடியாத ஒரு சென்னை ஆடியோ கம்பெனியில் பதினோரு வருடம் இருந்தேன். அது இன்று இல்லை. உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நம் ஊர் கம்பெனியை அமெரிக்கக் கம்பெனியோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. அங்கே பாடகரை ஒப்பந்தம் செய்து, முன்பணம் கொடுத்து, பதிவு செய்து விற்கிறார்கள். இங்கே பாட்டு ஏற்கெனவே படத்துக்காகப் போட்டாயிற்று. தயாரிப்பாளரிடமிருந்து ஆடியோ ரைட்ஸை மொத்த விலைக்கு எடுப்பதுதான் எங்கள் தொழில். பெரிய நடிகர், பெரிய இசையமைப்பாளர் என்றால் ட்யூன் ஒன்றைக்கூடக் கேட்காமலே விலை பேசுவோம். வயலில் கதிர் வருமுன்னே குத்தகைக்கு எடுக்கிற மாதிரி. போட்டிக் கம்பெனி கை வைத்துவிடுமோ என்ற பயத்தில் விலை ஏறிக்கொண்டே போகும். என் முதலாளி ஒரு படத்துக்குக் கொடுத்ததை மீட்க எத்தனை கேசட் விற்க வேண்டும் என்று ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், மறுநாள் இன்னொரு படத்துக்கு அதைவிட அதிகம் கொடுத்தார். மார்க்கெட்டில் பெயர் நிற்க வேண்டுமாம்.

அந்தப் பணத்தை எப்படி எடுப்பது? டீலர் தலையில் கட்டுவோம். ஹிட் ஆகும் கேசட் நூறு வேண்டுமா, கூடவே இந்த மூன்று படத்தில் ஐம்பது ஐம்பது எடு. டீலர் அதையே கடைக்காரர் தலையில் கட்டுவார். விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்ற உறுதியில்தான் அது ஓடியது.

அப்புறம் எம்பி3 சிடி வந்தது. பர்மா பஜாரில் நூறு, நூற்றைம்பது பாட்டு ஒரே தட்டில், நாங்கள் ஒரு கேசட் விற்கும் விலைக்கு. இதை நெட்டில் இறக்கியவர்கள் செய்ததை விடப் பெரிய அடி என்பேன், 2002இல் நம் ஊரில் எத்தனை வீட்டில் நெட் இருந்தது? அது அடித்தது உண்மை. நாங்கள் மாதாமாதம் ரெய்டுக்கு ஆள் அனுப்பினோம். 2004இல் தமிழக அரசு திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது எங்கள் அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தோம். ஆனால் ஒருவர்கூட, நாமே நூறு பாட்டு சிடி போட்டு ஐம்பது ரூபாய்க்கு விற்றால் என்ன என்று கேட்கவில்லை. தாமதமாக, மிகத் தாமதமாகத்தான் அதைச் செய்தார்கள். எண்பதுகளில் டி-சீரிஸ் கம்பெனி இதைத்தானே செய்து காட்டியது, விலையைக் குறைத்து, வெற்றிலை பாக்குக் கடை வரைக்கும் கேசட்டைக் கொண்டுபோய்? பார்த்தும் படிக்கவில்லை.

காலர் டியூன் வந்தது கடவுள் அனுப்பிய மாதிரி. ஒரு பாட்டின் முப்பது நொடிக்கு மாதாமாதம் பணம். பெரும்பங்கு செல்பேசிக் கம்பெனிக்குப் போனாலும் எங்களுக்கு வந்ததே கேசட்டைவிட மேல். அதில் எத்தனை பேர் கேட்டு வாங்கினார்கள், எத்தனை பேருக்குக் கை தவறிப் பட்டுத் தானாக ஏறியது என்பது ஊரறிந்த ரகசியம். 2011இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வாடிக்கையாளர் இரண்டாம் முறை உறுதி சொல்லாமல் எந்தச் சேவையும் ஏற்றக் கூடாது என்றது. அந்த வருமானம் சரிந்த வேகத்தைப் பார்த்திருந்தால் டவுன்லோடுமேல் யாரும் கை நீட்ட மாட்டார்கள். எங்கள் கம்பெனியை மூடியது எம்பி3 அல்ல. அந்த வருமானத்தை நம்பி வாங்கிய கடன்.

மட்டுறுத்துநர் · திங்கள், காலை 6:30

இறக்கும் தளங்களின் இணைப்பு கொடுத்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. விவாதிக்கிற விஷயத்தை இங்கேயே செய்து காட்ட வேண்டாம்.

பனிக்கூரை · திங்கள், காலை 7:40

ஆடியோ ரைட்ஸ் சொன்ன கடன் விவகாரம் இங்கேயும் அப்படியே பொருந்தும். டவர் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய இசைக் கடை வரிசை 2006 டிசம்பரில் மூடியபோது எல்லாரும் டவுன்லோடு என்றார்கள். 1998இல் கிளை விரிப்பதற்காக 11 கோடி டாலர் கடன் பத்திரம் விட்டதை யாரும் பேசவில்லை. இ.எம்.ஐ. என்ற பிரிட்டிஷ் இசைக் கம்பெனி இன்னும் பெரிய கதை. 2007இல் டெர்ரா ஃபர்மா என்ற முதலீட்டுக் கம்பெனி கடன் வாங்கி 420 கோடி பவுண்டுக்கு அதை எடுத்தது. அந்தக் கடனைச் சமாளிக்க முடியாமல் 2011இல் கடன் கொடுத்த சிட்டி வங்கியே எடுத்துக்கொண்டு துண்டு போட்டு விற்றது. பாட்டு விற்பனை குறைந்தது உண்மை. ஆனால் விற்பனை குறைந்துகொண்டிருக்கும் தொழிலை உச்ச விலைக்குக் கடனில் வாங்கச் சொன்னது எந்த டவுன்லோடுக்காரன்?

வயலின் ஐயாவுக்காக இன்னொன்று. இங்கே சிடி காலத்து ஒப்பந்தங்களில் "பொட்டலக் கழிவு" என்று ஒன்று இருந்தது. சிடி உறைக்கும் டப்பாவுக்கும் என்று சொல்லி, பாடகருக்குப் பங்கு கணக்கிடும் முன்பே நூற்றுக்கு இருபத்தைந்து வரை கழித்துவிடுவார்கள். ராப் பாடகர் எமினெமின் ஆரம்பகாலத் தயாரிப்பாளர்கள் போட்ட வழக்கு இதைவிட வேடிக்கை. ஒப்பந்தப்படி விற்பனை என்றால் பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது. உரிமம் கொடுத்தால் சரிபாதி. டவுன்லோடு எந்த வகை? விற்பனைதான் என்றது கம்பெனி. வாங்குகிற நம்மிடம் அதே தொழில், இது உரிமம்தான், உங்களுக்குச் சொந்தமில்லை, யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமம்தான் என்று தீர்ப்பளித்தது.

மண்டபத்து மைக் · திங்கள், காலை 9:15

சரி, ஒப்புக்கொள்கிறேன், கம்பெனிக்காரர்கள் யோக்கியர்கள் இல்லை. ஆனால் அயோக்கியன் வீட்டில் திருடினாலும் திருட்டுதானே? 2023இல் அமெரிக்காவில் பதிவிசை வருமானம் 1,700 கோடி டாலரைத் தாண்டிவிட்டது, பெரும்பகுதி ஸ்ட்ரீமிங். இறக்குவதைவிடச் சுலபமாக ஒரு வழி வந்ததும் மக்கள் பணம் கட்டினார்கள். அப்படியென்றால் நடுவில் போன பதினைந்து வருடப் பணம் டவுன்லோடில் போனதுதானே?

பேரேடு · திங்கள், காலை 9:50

அல்லது அந்தச் சுலபமான வழியைத் திறக்க இவ்வளவு வருடம் எடுத்துக்கொண்டதால் போனது. ஸ்ட்ரீமிங் சேவையான ஸ்பாட்டிஃபை சுவீடனில் தொடங்கியது 2008 அக்டோபர். நாப்ஸ்டருக்கும் அதற்கும் நடுவில் ஒன்பது வருடம். இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரி. மைக், உங்களுடையதும் என்னுடையதும் ஒரே எண்தான், எந்தப் பத்தியில் எழுதுவது என்பதில்தான் சண்டை.

ரீவைண்ட் · செவ்வாய், இரவு 10:20

ஆடியோ ரைட்ஸ் எழுதியதைப் படித்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். டவுன்லோடு, நாப்ஸ்டர் எதையும் சொல்லவில்லை. "கம்பெனி ரிட்டர்ன் எடுத்தார்களா?" என்று மட்டும் கேட்டேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கொட்டினார். 2003 வரை விற்காத கேசட்டைத் திண்டுக்கல் டீலர் எடுத்துக்கொண்டு அடுத்த பில்லில் கழித்தாராம். அந்த வருடம் ஒரு நாள் டீலர் வந்து, மேலே எடுக்க மாட்டேன் என்கிறார்கள் அண்ணாச்சி, நானும் எடுக்க முடியாது என்றாராம். ஆனால் ஹிட் கேசட் வேண்டுமென்றால் கூடவே ஓடாத படத்தையும் எடுக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. இரண்டு வருடத்தில் முதல் முழுக்க அலமாரியில் கேசட்டாக உட்கார்ந்துவிட்டது. மூடியதற்குக் காரணம் அதுதானா என்று கேட்டேன். "அதுவும்தான்" என்றார்.

அப்புறம் அவரே சொன்னார். கடைசி ஒன்றரை வருடம் கவுண்டருக்குக் கீழே எம்பி3 சிடி வைத்து விற்றாராம். தெரிந்த முகம் வந்து கேட்டால் மட்டும். கடை வாடகை அதில்தான் போனது. எனக்கு இது தெரியவே தெரியாது. சிடி எங்கிருந்து வாங்கினீர்கள் என்றேன். சென்னையிலிருந்து பஸ்ஸில் பார்சல் வருமாம், சிலது மட்டும் இங்கேயே எழுதியதாம். யார் எழுதினார்கள்? "நீ லீவுக்கு வரும்போது பையில் வைத்திருப்பாயே, அதைப் பார்த்துத்தான் எழுதினேன்" என்றார். டெக் போய் சிடி ரைட்டர் வந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது, கணக்கு எழுத என்று அம்மா சொன்னாள்.

ஆக, விடுதியில் நான் இறக்கிய பாட்டு அப்பா கடையில் விற்றிருக்கிறது. இதை எந்தப் பத்தியில் எழுதுவது, பேரேடு?

திருப்பி எடுக்காத கேசட் மூன்று சாக்கு மூட்டை இன்னும் பரணில் இருக்கிறது. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், பாலித்தீன் உறைகூடக் கிழியவில்லை. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்பும் செலவு மட்டும் போதும்.

டபுள் டெக் · செவ்வாய், இரவு 10:31

பட்டியல் போடுங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள், ஓட்டுக்குக் கீழேயா? வெயில் பட்டிருந்தால் உள்ளே இருக்கும் பஞ்சு உதிர்ந்திருக்கும். அதை மாற்றாமல் டெக்கில் போட்டுவிடாதீர்கள்.

வெள்ளவத்தை · செவ்வாய், இரவு 11:04

எனக்கு ஒரு மூட்டை. என்ன படமென்றாலும் பரவாயில்லை.